அம்மாவின் முதுகு

அம்மாவுக்கு கீழ்முதுகில் எல்4, எல்5 என்ற இரண்டு முதுகெலும்புகளை ஆபரேஷனில் ஸ்க்ரூ போட்டு இணைத்து 6 வருடம் ஆகிறது. தையல் பிரித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம், ஆனால் ஸ்க்ரூ வெறும் தாங்கல்தான், இரண்டு எலும்பும் ஒன்றாகக் கூடுவதற்கு 6 மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும், அதுவரை குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. சிகரெட் பிடிப்பவர்களுக்கு எலும்பு கூடுவதே சிரமம், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அப்புறம், எங்களுக்கு யாரும் அழுத்திச் சொல்லாத விஷயம். இணைத்த இடம் அசையாததால் மேலும் கீழும் உள்ள டிஸ்க்குகள் (எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பவை) கூடுதல் சுமையைத் தாங்குகின்றன, வருடங்கள் கழித்து அங்கே தேய்மானம் வரலாம். அம்மாவுக்கு இப்போது எல்3க்கும் எல்4க்கும் நடுவில் வந்திருக்கிறது. காலையில் சாவி கீழே விழுந்தது. கட்டில் காலைப் பிடித்து, முதுகை வளைக்காமல் ஒரு முழங்காலை மெல்ல ஊன்றி அவரே எடுத்தார். பார்த்துக்கொண்டே நின்றேன்.