பாட்ச் நம்பர்

ஆகஸ்ட் 24, 2023

ஊக்கமருந்துப் பரிசோதனை பற்றிய மின்னஞ்சல் காலையிலேயே வந்திருக்கிறது. ரக்பி லீக் ஆடுகிற தம்பி யாருக்கும் சொல்லாமல் மாலை வரை வைத்திருந்து, நான் வேலை முடிந்து வந்து காரை நிறுத்தியதும் வெளியே வந்து போனை நீட்டினான். "அக்கா, இதை ஒருக்கா வாசிச்சுப் பார்." ஏ சாம்பிளில் கண்டுபிடித்த பொருள், இன்றிலிருந்து தற்காலிகத் தடை, பி சாம்பிளை, அதாவது அதே சிறுநீரின் இரண்டாவது போத்தலை, திறக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை, கேட்பதற்குக் கடைசித் தேதி. நான் அந்தப் பொருளின் பெயரைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். லிகண்ட்ரோல். நான் மருந்துக்கடையில் வேலை செய்பவள், எனக்கு அது என்னவென்று தெரியும் என்று அவனுக்கும் தெரியும். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆகஸ்ட் 25

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 29

"ஒண்டும் எடுக்கேல்லை அக்கா, அம்மாவாணை." நம்புகிறேன். தங்கச்சியின் பிறந்தநாளுக்குக் கேக் சாப்பிடலாமா என்று ட்ரெய்னரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிட்ட பிள்ளை.

எல்ஜிடி-4033 என்றும் இதை எழுதுவார்கள். ஸ்டெராய்டு இல்லை, ஆனால் ஆண் ஹார்மோன் போய் ஒட்டுகிற அதே இடத்தில் ஒட்டித் தசையை வளர்க்கும். தசை கரைந்துபோகிற நோயாளிகளுக்கு உதவுமா என்று ஆராய்ந்தார்கள், மருந்தாக விற்க அனுமதி கிடைக்கவில்லை. இங்கே ஆஸ்திரேலியாவில் சட்டப்படி மருத்துவரின் சீட்டு இல்லாமல் யாரும் விற்கக்கூடாத நான்காம் அட்டவணைப் பொருள். ஒரு ஆஸ்துமா பம்பைக் கொடுக்கவே நாங்கள் எத்தனை கேள்வி கேட்கிறோம். இதை இணையத்தில் கிரெடிட் கார்டு இருக்கிற எவனும் வாங்கலாம், அதைக் கலக்குகிற அதே இயந்திரத்தில் அடுத்த நாள் வேறொரு பவுடரைக் கலந்து, மேலே சிங்கப் படம் ஒட்டி விற்கலாம்.

2019இல் நீச்சல் வீராங்கனை ஷெய்னா ஜாக்குக்கு இதேதான். அது எப்படி உடம்புக்குள் வந்தது என்று அவரால் கடைசிவரை காட்ட முடியவில்லை. ஆனாலும் வேண்டுமென்று எடுக்கவில்லை என்பதை நடுவர் ஏற்றுக்கொண்டு நான்கு ஆண்டுத் தடையை இரண்டாகக் குறைத்தார். அதே 2019இல் ரக்பி லீக்கில் பிரிஸ்பேனுக்கு ஆடிய ஜேம்ஸ் செகியாரோவும் லிகண்ட்ரோலில்தான் மாட்டினார், 20 மாதம். இரவு முழுக்க இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். 20 மாதம், இரண்டு ஆண்டு, நான்கு ஆண்டு. அவனுக்கு 19 வயது.

செப்டம்பர் 3

தந்தையர் தினம். அப்பாவுக்கு வாங்கிய சட்டையைக் கொடுத்தோம், சாப்பிட்டோம், அதற்குப் பிறகு சொன்னோம். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "கிளப்பில ஆர் குடுத்தது?" என்று கேட்டார். கிளப் இல்லை அப்பா, வெளியே ஜிம்மில் என்றான். அம்மா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார், கழுவி வைத்ததையே திரும்பவும் கழுவினார்.

கிளப்புக்குப் போகக்கூடாது. கூட்டாகப் பயிற்சி கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஆட்களோடு ஆடுகிற கிரிக்கெட்கூட, அது பதிவுசெய்த சங்கத்தின் போட்டி என்றால், கூடாதாம். ரக்பி லீக் மட்டும் என்றுதான் நினைத்திருந்தான்.

செப்டம்பர் 9

குரொனல்லா என்ற சிட்னி ரக்பி லீக் கிளப் பற்றி எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

2011 சீசனின் தொடக்கம். ஸ்டீபன் டாங்க் என்ற விளையாட்டு விஞ்ஞானி குரொனல்லா ஷார்க்ஸுக்குள் வருகிறார், சில மாதங்கள்தான் இருக்கிறார். வீரர்களுக்குக் கொடுக்கப்பட்டவற்றில் சிஜேசி-1295, ஜிஎச்ஆர்பி-6 என்ற பெப்டைடுகள் இருந்தன என்று பிறகு விசாரணை சொன்னது. இரண்டும் உடம்பை அதிக வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைப்பவை, இரண்டும் தடைசெய்யப்பட்டவை. 2013 பெப்ரவரி 7ஆம் தேதி கன்பராவில் அமைச்சர்கள் நின்று அறிக்கை வெளியிட்டார்கள், தேசிய ரக்பி லீக் (என்ஆர்எல்) உட்படப் பெரிய விளையாட்டுகளின் தலைவர்கள் எல்லாரும் பின்னால் வரிசையாக நின்றார்கள். ஆஸ்திரேலிய விளையாட்டின் மிகக் கறுப்பான நாள் என்றார்கள். தம்பிக்கு அப்போது ஒன்பது வயது, பராமட்டா ஈல்ஸ் கிளப்பின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வரவேற்பறையில் சோபாவை டேக்கிள் பண்ணிக்கொண்டிருந்தான்.

பிறகு? ஒன்றரை ஆண்டு இழுத்தது. 2014 ஜூனில் நியூ சவுத் வேல்ஸ் 2005க்குப் பிறகு முதல் தடவையாகக் குயின்ஸ்லாந்தோடு ஆடும் ஸ்டேட் ஆஃப் ஒரிஜின் தொடரை வென்றது, கேப்டன் பால் கேலன். ஆகஸ்ட்டில் அதே கேலனும் ஷார்க்ஸின் வேறு சில வீரர்களும் முன்னாள் வீரர்களும் 12 மாதத் தடையை ஏற்றுக்கொண்டார்கள். தடையை முந்தைய நவம்பரிலிருந்தே கணக்கிட்டதால், சீசனில் மிச்சம் இருந்த மூன்று ஆட்டம்தான் அவர்களுக்குப் போனது. விசாரணை இவ்வளவு தாமதமானது வீரர்களின் குற்றம் இல்லை என்பது காரணம். அந்தக் காரணம் சரியானது, அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கிளப் கொடுத்ததை எடுத்தார்கள். கிளப் என்றால் ஒரு வீரனுக்கு மருத்துவர், பயிற்சியாளர், சம்பளம், எல்லாமே. யாரால் மறுக்க முடியும்?

ஆனால் இந்தச் சட்டத்தின் அடிப்படை என்ன? உன் உடம்புக்குள் போவதற்கு நீதான் பொறுப்பு, யார் கொடுத்தாலும், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். அப்படியென்றால் கொடுக்கிறவனுக்கும் அதே அளவு கடுமை இருக்க வேண்டும். முழு அணியாக மாட்டினால் வழக்கறிஞர்கள், வீரர் சங்கம், பேரம், மூன்று ஆட்டம். ஜூனியர் ஒப்பந்தத்தில் இருக்கிற ஒரு பிள்ளை தனியாக மாட்டினால் நான்கு ஆண்டு. இதை யாராவது எனக்கு விளங்கப்படுத்த வேண்டும்.

செப்டம்பர் 12

ஜிம்மில் கொடுத்த பவுடர்ப் பேணியை எறிய விடவில்லை. பிளாஸ்டிக் பையில் போட்டு என் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 20

நோர்த் ரைட் பரிசோதனைக்கூடம். பி சாம்பிளைத் திறப்பதைப் பார்க்க அவனுக்கு உரிமை உண்டு, கூட ஒருவர் வரலாம். வெள்ளைச் சுவர், கண்ணாடி, சத்தமே இல்லாத இடம். ஆட்டம் முடிந்த அன்று ஒருவர் பின்னாலேயே வந்து, சிறுநீர் கழிப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்க, 90 மில்லிலீட்டர் சேர்ந்த பிறகு அவனே தன் கையால் இரண்டு போத்தலில் ஊற்றி அவனே மூடினானாம். அந்த மூடியை உடைத்தால்தான் திறக்கலாம். நம்பரைச் சரிபார்க்கச் சொன்னார்கள், பார்த்தான், கையெழுத்துப் போட்டான். உடைந்த சத்தத்துக்குத் தோள் ஒருமுறை துள்ளியது. களத்தில் 110 கிலோ ஆள் ஓடிவந்து மோதும்போது அசையாதவன்.

திரும்பி வரும்போது ஓபர்னில் சாப்பிடலாம் என்றேன். பசிக்கவில்லை என்றான்.

செப்டம்பர் 26

டெரி நியூட்டன் இறந்த நாள். 2010. வயது 31. இங்கிலாந்தில் வேக்ஃபீல்டுக்கு ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தவர், வளர்ச்சி ஹார்மோனுக்கான இரத்தப் பரிசோதனையில் பிடிபட்ட உலகின் முதல் விளையாட்டு வீரர். எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டார், இரண்டு ஆண்டுத் தடை. அந்தச் செய்தி வந்தது பெப்ரவரியில். செப்டம்பரில் அவரே தன் உயிரை முடித்துக்கொண்டார்.

தம்பி கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறான். அப்பாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன், இரவில் அவனைத் தனியாக விடக்கூடாது. வியாழக்கிழமை மருத்துவரிடம் நேரம் எடுத்திருக்கிறேன். வரமாட்டேன் என்றான், பிறகு நீ வந்தால் வருகிறேன் என்றான்.

அக்டோபர் 1

கிராண்ட் ஃபைனல். பென்ரித் 8, பிரிஸ்பேன் 24. அப்பா டிவியை அணைக்கப் போனார். அப்போதுதான் தம்பி அறையிலிருந்து வந்து உட்கார்ந்தான், பொறுங்கோ அப்பா என்றான். நேத்தன் கிளியரி கடைசி இருபது நிமிடத்தில் செய்ததை நான் எப்படி எழுத. 26-24. தொடர்ந்து மூன்றாவது கோப்பை. எஸ்ரா மாம் மூன்று ட்ரை போட்டும் தோற்றுப்போனார், பாவம். தம்பி ஒவ்வொரு செட்டுக்கும் யார் எங்கே நிற்க வேண்டும் என்று அப்பாவுக்கு விளக்கிக்கொண்டே இருந்தான். ஆகஸ்ட்டுக்குப் பிறகு இவ்வளவு கதைத்தது இன்றுதான். ஈல்ஸ் எப்ப அப்பா வெல்லப்போகுது என்றான். 1986க்குப் பிறகு இல்லை, உன்னை நம்பித்தான் இருக்கிறம் என்று அப்பா வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

அக்டோபர் 4

பி சாம்பிளிலும் இருக்கிறது.

அக்டோபர் 11

லோயரோடு ஒரு மணி நேரம். நல்ல மனுசி, வேகமாகக் கதைக்கிறார். சிறுநீரில் இருந்த அளவு மிகக் குறைவு. கலப்படத்தால் வந்திருக்கலாம் என்று நிபுணர் எழுதித் தருவார். ஆனால் முன்னமே அதிகமாக எடுத்து இப்போது வெளியேறிக்கொண்டிருந்தாலும் இதே அளவுதான் தெரியும் என்று எதிர்த்தரப்பு நிபுணர் எழுதுவார். ஆகவே பவுடரிலேயே காட்ட வேண்டும். கலப்படம் என்று நிரூபித்தால் எச்சரிக்கையிலிருந்து இரண்டு ஆண்டு வரை எங்கேயும் நிற்கலாம். நிரூபிக்காவிட்டால் நான்கிலிருந்து கீழே இறக்குவது கஷ்டம்.

என் அலமாரியில் இருக்கிற பேணி போதாது. திறந்த பேணிக்குள் யாரும் எதையும் போட்டிருக்கலாம். அதே பாட்ச் நம்பரில், மூடி திறக்காத பேணி வேண்டும். அந்த பாட்ச் மார்ச்சில் வந்தது, எங்கேயும் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைகளுக்கு அடித்துக் கேட்கிறேன். அடியில் என்ன நம்பர் இருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்து வாசித்துச் சொல்லுங்கள். சிலர் வாசிக்கிறார்கள், சிலர் வைத்துவிடுகிறார்கள்.

ஊக்கமருந்து இல்லை என்று பாட்ச் பாட்ச்சாகப் பரிசோதித்து முத்திரை குத்திய பவுடர்கள் கடையில் இருக்கின்றன, கிளப் சொல்லிக் கொடுத்ததும் அதைத்தான். ஜிம்காரர் இதற்கும் முத்திரை இருக்கிறது, புதுப் பேணியில் ஒட்ட மறந்துவிட்டார்கள் என்றாராம். அவர் முன்னாள் வீரர், எல்லாருக்கும் தெரிந்தவர், தம்பி நம்பினான்.

அக்டோபர் 23

சரஸ்வதி பூசை. அம்மா புத்தகங்களோடு என் மருந்துக் கையேட்டையும் அப்பாவின் பேருந்துச் சாவியையும் வைத்தார். பிறகு வெளியே போய்த் தம்பியின் பூட்ஸை எடுத்து வந்து, கழுவித் துடைத்து, அதையும் வைத்துக் குங்குமம் வைத்தார். சப்பாத்தை சாமிக்கு முன்னால் வைப்பதா என்று பெரியம்மா கேட்டார். "அவன்ர தொழில் அது" என்றார் அம்மா. ரக்பி வேண்டாம், படி படி என்று இத்தனை ஆண்டு சொன்ன அம்மா.

அக்டோபர் 24

மாமா வந்துவிட்டுப் போனார். படிக்க வைத்திருக்கலாம் என்கிறார். எழுத விருப்பம் இல்லை.

நவம்பர் 5

ஜிம்காரர் போனை எடுப்பதில்லை. லோயரின் கடிதத்துக்கும் பதில் இல்லை. அவர் எந்த விளையாட்டிலும் பதிவுசெய்தவர் இல்லை, அவரைக் கூப்பிட்டு விசாரிக்க வைப்பது சுலபம் இல்லையாம்.

மார்ட்டின் கிளீசன் வழக்கை இன்று முழுக்க வாசித்தேன். 2011, இங்கிலாந்தில் ஹல் எஃப்சி என்ற ரக்பி லீக் கிளப்பின் வீரர். ஆக்சிஎலீட் ப்ரோ என்ற கொழுப்புக் குறைக்கிற மாத்திரை, அதற்குள் தடைசெய்யப்பட்ட மெத்தில்ஹெக்சனமீன். முதலில் பொய்க் கதை சொன்னார்கள், பிறகு கிளீசன் உண்மையைச் சொன்னார். அவருக்கு மூன்று ஆண்டு பாதியாகி 18 மாதம். பொய்க்கு உடந்தையாக இருந்த கிளப்பின் தலைமை நிர்வாகிக்கும் உடற்பயிற்சியாளருக்கும் ஆளுக்கு இரண்டு ஆண்டு. வீரனைவிட அதிகம்! இப்படி ஒன்று நடந்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். அப்படியானால் முடியும், மனம் இருந்தால் முடியும்.

இங்கே? டாங்குக்கு ஆஸ்திரேலிய ஃபுட்பால் தீர்ப்பாயம் 2015இல் ஆயுள் தடை கொடுத்தது, சரி. ஷார்க்ஸ் பயிற்சியாளர் ஷேன் ஃபிளானகனுக்கு ஓராண்டு, அதிலும் குறைத்து 2015 சீசனுக்குத் திரும்பி வந்தார், 2016இல் கோப்பை வென்றார். தடைக் காலத்திலும் கிளப்போடு மின்னஞ்சலில் தொடர்பில் இருந்தது 2018இல் தெரியவந்து பதிவை ரத்து செய்தார்கள். இப்போது 2024 சீசனிலிருந்து டிராகன்ஸ் கிளப்புக்குத் தலைமைப் பயிற்சியாளர். அதே ஷார்க்ஸில் ஆடிய பிரான்சன் செரி என்ற பையன், டெஸ்டோஸ்டெரோனில் பிடிபட்டபோது 19 வயது, நான்கு ஆண்டும் முழுசாக அனுபவித்து இந்த மாதம்தான் வெளியே வருகிறார். அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது வாய்ப்பு எவ்வளவு கெதியாகக் கிடைக்கிறது என்று பார்க்கிறேன்.

நவம்பர் 8

காலையில் தம்பி ஓடப் போனான். தனியாக ஓடுவதற்குத் தடை இல்லை.

நவம்பர் 13

கந்த சஷ்டி தொடக்கம். அம்மா மேஸ் ஹில் முருகன் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு வந்தார், ஆறு நாளும் பாலும் பழமும்தானாம். நீரிழிவு இருக்கிறது அம்மா என்று சண்டை பிடித்தேன். கேட்கவில்லை. தம்பியும் தான் இரவுச் சாப்பாடு விடுகிறேன் என்று தொடங்க, அம்மா அவனைப் பேசித் தட்டில் புட்டு வைத்தார்.

விசாரணைத் தேதி டிசம்பர் என்கிறார்கள்.

நவம்பர் 16

வூலங்காங்கில் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் பின்னறையில் தேடிப் படம் அனுப்பினார். மூடிய பேணி இரண்டு. நம்பரில் முதல் ஆறு எழுத்தும் அதேதான், கடைசி இரண்டு மங்கலாக இருக்கிறது, 8 என்ற எண்ணா, B என்ற எழுத்தா தெரியவில்லை. அப்பாவுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன், அவர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் வேலையிலிருந்து நேரே காரை எடுத்துவிட்டார்.

இப்போது லோயர் அழைத்தார். நாங்கள் தொடவே கூடாதாம். கடையிலிருந்து நேரே பரிசோதனைக்கூடத்துக்கு, அவர் அனுப்பும் ஆள் மூலம், முத்திரை போட்டுத்தான் போக வேண்டும். குடும்பத்தார் கை பட்டால் அதையும் கேள்வி கேட்பார்கள். அப்பாவுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறேன், எடுக்கவில்லை. கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன், ஒரு வயசான தமிழர் வருவார், எவ்வளவு கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று. தம்பி அவன் போனிலிருந்தும் அடித்துப் பார்க்கிறான்