பன்னிரண்டு மணி இருபத்தொரு நிமிடம்

ஜனவரி 5, திங்கள்

மகளின் சிறப்புத் திறன் வகுப்பிலிருந்து அறிவியல் செயல்திட்டத் தாள் வந்துவிட்டது. இரண்டு பக்கம், இடைவெளியே இல்லாத சின்ன எழுத்து. மூன்று மடிப்பு அட்டை. கருதுகோள், செய்முறை, தரவு, வரைபடம், முடிவு. ஐந்து ஆதாரங்கள், அவற்றில் குறைந்தது இரண்டு அச்சுப் புத்தகங்களாக இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் பேச வேண்டும். கடைசி நாள் பிப்ரவரி 11, புதன். பின்பக்கத்தில் ரூப்ரிக், அதாவது மதிப்பெண் போடும் அளவுகோல், நான்கு கட்டங்கள். 3 என்றால் 'எதிர்பார்ப்பை நிறைவு செய்தது'. 4 என்றால் 'எதிர்பார்ப்பைத் தாண்டியது'. எப்படித் தாண்டுவது என்று ஒரு வார்த்தை இல்லை.

அவளுக்கு எட்டு வயது. நான்கு வரி எழுதினால் கை வலிக்கிறது என்று உதறுகிறாள்.

ஜனவரி 6

தலைப்பு முடிவாகிவிட்டது: நிழல். நான் எரிமலை, செடி, காந்தம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் வேண்டாமாம். "மத்தியானம் நிழல் காலுக்குள்ள போயிடும்னு சொல்றாங்கம்மா. நான் பார்த்தேன், போகவே இல்லை." இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஜனவரி 7, புதன்

அவளுக்கு வயிற்றுவலி. எட்டரை மணிக்குச் சரியாகிவிட்டது.

ஜனவரி 10, சனி

ஒரு மீட்டர் கம்பை நட்டோம். செங்குத்தாக நிற்கிறதா என்று நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாள், அதை நான் சொல்லித் தரவில்லை. பதினொரு மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்தோம். அவளுடைய கருதுகோள்: சரியாக 12 மணிக்கு நிழல் மிகவும் சின்னதாக இருக்கும்.

12.10 முதல் 12.35 வரை எல்லா அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். எது சின்னது என்று சொல்லவே முடியவில்லை. கம்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 11, ஞாயிறு

காலையில் அவளே வந்தாள். "அம்மா, சின்னதைத் தேட வேண்டாம். ஒரே நீளமா ரெண்டு தடவை வரும்ல, அதைத் தேடலாம்." கம்பைச் சுற்றி நூலால் ஒரு வட்டம் போட்டாள். நிழலின் நுனி வட்டத்துக்குள் வந்தது 11.17. வெளியே போனது 1.25. அவள் அப்பா நடுவைக் கணக்குப் போட்டார்: 12.21.

இது எவ்வளவு பழைய வழி என்று அவளுக்குத் தெரியாது. சங்கு என்ற கம்பை நட்டு, வட்டம் வரைந்து, நிழல் தொடும் இரண்டு புள்ளிகளை வைத்துத் திசை பார்த்தவர்கள் நம்மிடம் இருந்திருக்கிறார்கள். எட்டு வயதில் அந்த இடத்துக்குத் தானாக வந்து சேர்ந்திருக்கிறாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

ஜனவரி 12

அவளுடைய தாளில் 12.00 என்று இருக்கிறது.

12.21 என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்திருக்கிறாள். அந்த இடத்தில் தாள் கிழிந்து ஓட்டை விழுந்திருக்கிறது. மெதுவாகத்தான் கேட்டேன். "தப்பா அளந்துட்டேன். 12தான் சரி. தப்பா இருந்தா 4 கிடைக்காது." ரூப்ரிக்கை நான் அவளிடம் படித்துக் காட்டவே இல்லை. ஆனால் ஒட்டியது நான்தான், அவள் கண் மட்டத்தில்.

இரவு முழுக்க இதுதான் மனதில். 1998-இல் உளவியலாளர்கள் கரோல் டுவெக்கும் கிளாடியா முல்லரும் வெளியிட்ட ஆய்வு ஞாபகம் வந்தது. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளில் சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றும், சிலரிடம் 'நன்றாக முயன்றாய்' என்றும் சொன்னார்கள். அப்புறம் கஷ்டமான புதிர்கள் கொடுத்தார்கள். புத்திசாலி என்று கேட்டவர்களுக்குத் தொடர்ந்து செய்யும் ஆர்வம் குறைந்தது. மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, அவர்களில் பத்துக்கு ஏறக்குறைய நாலு பேர் கூட்டி எழுதினார்கள். படித்தபோது இது வேறு யாருடைய குழந்தைகளைப் பற்றியோ என்று நினைத்தேன். இந்த வகுப்புக்குத் தேர்வான நாளிலிருந்து எத்தனை முறை 'என் புத்திசாலிக் குட்டி' என்று கூப்பிட்டிருக்கிறேன்? அன்பாகத்தான் கூப்பிட்டேன். ஓட்டை விழுந்த தாளைப் பார்த்தால் அந்தச் சொல்தான் தெரிகிறது.

ஜனவரி 13

ரூப்ரிக்கைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

ஜனவரி 14, புதன்

வயிற்றுவலி.

ஜனவரி 15

இரவு பதினொன்றரை வரை 'பின்னணி' பகுதியைத் தட்டச்சு செய்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதுவதாகத்தான் ஆரம்பித்தேன். அவள் தூங்கப் போனதும் ஒரு வாக்கியத்தைச் சீர் செய்தேன், அப்புறம் இன்னொன்று. அலெக்சாந்திரியாவில் பழைய கிரேக்க அறிஞர் எரடோஸ்தீனிஸ் நிழலின் கோணத்தை அளந்து, அது முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று கண்டு, பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட கதையையும் சேர்த்தேன். படிக்க நன்றாக வந்தது. மிக நன்றாக.

ஜனவரி 16

படித்துப் பார்த்தாள். "இது யார் எழுதினது?" என்றாள். கோபமெல்லாம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஜனவரி 17, சனி

உள்ளே 11.09. வெளியே 1.37. நடு 12.23. போன வாரத்தோடு ஒத்துப்போகவில்லை. இந்த முறை அழிக்கவில்லை, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

ஜனவரி 20

ஆசிரியையிடம் பேசினேன். கருதுகோள் பொய்த்தால் மதிப்பெண் குறையுமா என்று கேட்டேன். குறையாது என்றார், அந்த மட்டில் நிம்மதி. கையெழுத்து சுமாராக இருந்தால்? தட்டச்சு செய்தால் பார்ப்பவர்களுக்கு வசதி என்றார். 4 வாங்க என்ன செய்ய வேண்டும்? "அது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். இந்தக் குழந்தைகளிடம் நாங்கள் அதிகம் எதிர்பார்க்கிறோம்" என்றார்.

நல்ல மனுஷிதான். ஆனால் இந்தப் பதிலோடு என்னால் உட்கார முடியவில்லை. எல்லை சொல்லாத எதிர்பார்ப்பை எட்டு வயதுக் குழந்தை எப்படிப் புரிந்துகொள்ளும்? இன்னும் ஒரு படம், இன்னும் ஒரு பக்கம், இன்னும் ஒரு ஆதாரம். கூடுதல் என்பது குவிப்பதாகிவிடுகிறது. குவிக்கும் வேலையைக் கடைசியில் பெற்றோர் செய்கிறோம். முதல் கூட்டத்தில், சிறப்புத் திறன் எதனால் ஆனது என்று கல்வி உளவியலாளர் ஜோசஃப் ரென்சுல்லி 1978-இல் சொன்ன மூன்று வளையங்களைத் திரையில் காட்டினார்கள்: சராசரிக்கு மேலான திறன், படைப்பாற்றல், எடுத்த வேலையில் ஈடுபாடு. மூன்றாவது வளையத்தை நான் குறித்துக்கொண்டு வந்தேன். வட்டத்தைப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் வெயிலில் குந்தியிருந்தாளே, அதுதானே ஈடுபாடு? அதற்கு ரூப்ரிக்கில் கட்டம் இல்லை. 'நேர்த்தியான தோற்றம்' என்பதற்கு இருக்கிறது.

இந்தப் பிள்ளைகளுக்கு யோசனை ஒரு வயதில் ஓடுகிறது, கை வேறு வயதில் இருக்கிறது, அழுகை இன்னொரு வயதில். யோசனையை மட்டும் பார்த்து மொத்தப் பிள்ளைக்கும் வேலை கொடுத்தால் மீதியை யார் சுமப்பது?

ஜனவரி 21, புதன்

வயிற்றுவலி. இன்று போகவில்லை.

ஜனவரி 24, சனி

மேகம். அளவு இல்லை. ஒன்றரை மணி வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

ஜனவரி 25

10.58. 1.54. நடு 12.26.

ராத்திரி பல் துலக்கும்போது வாயில் நுரையோடு ஓடி வந்தாள். "அம்மா! 21, 23, 26! நான் தப்பா அளக்கலை. சூரியன்தான் லேட் ஆகிட்டே போகுது!"

மூன்று பேரும் ஒரு மணி நேரம் தேடிப் படித்தோம். நம் கடிகாரம் ஒரு குறிப்பிட்ட தீர்க்கரேகைக்கானது. அதிலிருந்து மேற்கே ஒவ்வொரு பாகைக்கும் நான்கு நிமிடம் தாமதம். அது மாறாது. அதற்கு மேல் இன்னொரு தாமதம் உண்டு. பூமியின் பாதை சரியான வட்டமில்லை, அச்சும் 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் வருடத்தில் சில மாதம் கடிகாரத்துக்கு முந்தும், சில மாதம் பிந்தும். மிக அதிகமாகப் பிந்துவது பிப்ரவரி 11 வாக்கில், ஏறக்குறைய 14 நிமிடம். அப்புறம் திரும்பிவிடும்.

"11-ஆ? அன்னிக்குத்தானே கொடுக்கணும்? அப்போ திரும்புறதை எப்படிப் பார்ப்பேன்?"

ஜனவரி 28, புதன்

வலி இல்லை. சும்மா எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 31

10.49, 2.05. நடு 12.27.

பிப்ரவரி 2

தெரிந்த வீட்டுப் பிள்ளையின் அட்டையில் மோட்டார் வைத்துச் சுழலும் கிரகங்களாம். அப்பா செய்தாராம். கேட்டதிலிருந்து மனது சரியில்லை. ஒரு சின்ன விளக்கு மட்டும் வைத்தால் என்ன என்று தோன்றியது. அவளிடம் கேட்கவில்லை.

பிப்ரவரி 7, சனி

10.38, 2.16. மறுபடியும் 12.27. "நின்னுடுச்சு" என்று கிசுகிசுத்தாள், சத்தம் போட்டால் நகர்ந்துவிடும் என்பது போல.

பிப்ரவரி 9

நான் தட்டச்சு செய்த தாளை அட்டையில் ஒட்டவில்லை. தானே எழுதுகிறாளாம். ஒரு நாளைக்கு ஆறு வரி, நடுவில் கை உதறல். வரிகள் ஏறி இறங்குகின்றன. எரடோஸ்தீனிஸ் இல்லை. 'நான் 12 என்று நினைத்தேன். அது தப்பு. கடிகாரமும் சூரியனும் வேறு வேறு' என்று ஆரம்பிக்கிறது. ஓட்டை விழுந்த தாளையும் ஒட்டியிருக்கிறாள், பக்கத்தில் அம்புக்குறி போட்டு: 'இங்கே அழித்தேன், அழித்திருக்கக் கூடாது.'

அந்த ஒரு தாளையாவது எடுத்துவிடச் சொல்லலாமா என்று அவள் அப்பாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பத்து நிமிடம் அட்டை முன்னால் நின்றேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 10

ஐந்து நிமிடப் பேச்சு ஒன்பது நிமிடம் ஓடுகிறது. எதை வெட்டுவது என்று தெரியவில்லை, எல்லாமே அவளுடையது.

பிப்ரவரி 11, புதன்

கொடுத்தாயிற்று. மணி போட்டு நிறுத்திவிட்டார்களாம். சூரியன் திரும்புவதைச் சொல்லவே நேரமில்லையாம். "பரவாயில்லைம்மா, அதை நான் இன்னும் பார்க்கலையே."

பிப்ரவரி 12

மதிப்பெண் வர இரண்டு வாரம் ஆகும். அலமாரியைத் திறந்து அந்தத் தாளை மறுபடி எடுத்துப் படித்தேன். எதற்கு?

பிப்ரவரி 14, சனி

கம்பு அதே இடத்தில். உள்ளே வந்தது 10.27. வெளியே போக இன்னும் நேரமிருக்கிறது. குடையைப் பிடிக்கச் சொல்கிறாள், தனக்கு இல்லையாம், தாளுக்கு