கம்பைல் ஆனதும் மறைந்துபோகும் நிறம்

முதல் வேலையில் என்னிடம் வந்து சேர்ந்த சிஎஸ்எஸ் ஃபைலில் (வெப்பக்கத்தின் நிறம், அளவு, தோற்றமெல்லாம் எழுதிவைக்கும் ஃபைல்) ஒரே நீலம் நூறு இடத்தில் இருந்தது. க்ளையன்ட் அதைக் கொஞ்சம் அடர்த்தியாக்கச் சொன்னால், 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' போட்டுவிட்டு சாமி கும்பிட்டுக்கொள்வோம். எவரோ ஒருவர் அதே நீலத்தை ஆர்ஜிபி எண்ணாக எழுதிவைத்திருப்பார். அந்தப் பட்டன் மட்டும் பழைய நிறத்திலேயே இளித்துக்கொண்டு நிற்கும்.

சிஎஸ்எஸ்ஸை எளிதாக எழுத உதவும் ஸாஸ் மொழி 2006இலேயே வந்துவிட்டது; அதில் எழுதியதைக் கம்பைல் செய்தால் சாதாரண சிஎஸ்எஸ்ஸாக மாறும்; எங்கள் ஆபீஸுக்குள் நுழைய 2014 ஆனது. டாலர் குறி போட்டு நிறத்துக்கு ஒரு பெயர் வைத்தால் போதும். அன்றைக்கு எனக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

ஒரு விதிக்குள் இன்னொரு விதியை எழுதும் நெஸ்டிங்கில்தான் ஆட்டம் போட்டோம். எச்டிஎம்எல் எப்படி அடுக்கியிருந்ததோ அப்படியே எஸ்சிஎஸ்எஸ்ஸையும் (ஸாஸ் ஃபைலையும்) அடுக்கினோம். எழுதிய ஃபைல் பார்க்க லட்சணமாக இருக்கும். கம்பைல் ஆகி வந்ததை யாரும் திறந்ததில்லை. ஒருநாள் மொபைல் மெனுவில் ஒரு லிங்க் நிறம் மாற மறுத்தது. இன்ஸ்பெக்ட் செய்தால் ஹெடர், நாவ், யுஎல், எல்ஐ என்று ஏழு படி இறங்கும் செலக்டர் (விதி எந்த உறுப்புக்கு என்று சொல்லும் பகுதி). அதை ஜெயிக்க எட்டாவது படி கட்ட வேண்டும், இல்லையென்றால் மற்ற விதிகளை மீறவைக்கும் 'இம்பார்ட்டன்ட்' போட வேண்டும். நான் இம்பார்ட்டன்ட் போட்டேன். வீட்டுக்குப் போகும் நேரம் அது.

பிறகு டார்க் மோட் கேட்டார்கள். அப்போதுதான் உறைத்தது: ஸாஸ் வேரியபிள், அதாவது டாலர் குறி போட்டு வைத்த அந்தப் பெயர், கம்பைல் ஆனதும் மறைந்துவிடும். ப்ரவுசருக்குப் போய்ச் சேர்வது வெறும் எண்தான்; பெயர் போகாது. இரண்டு தீமுக்கும் தனித்தனி விதிகளைக் கக்கவைத்தோம், ஃபைல் ஊதிப்போனது. சிஎஸ்எஸ்ஸின் சொந்த வேரியபிள் குரோமில் 2016இலேயே வந்திருந்தது. ஆனால் க்ளையன்டின் கணக்குப் பிரிவு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11ஐ விடுவதாக இல்லை. 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட்டே அதற்கு ஓய்வு கொடுத்தபின் மாற்றினோம். பன்னிரண்டே வரி மாறியது, மொத்தப் பக்கமும் இருண்டது.

அதற்குள் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், ஸாஸைக் கம்பைல் செய்யும் கருவியான நோட்-ஸாஸை இன்ஸ்டால் செய்ய இரண்டு நாள் போராடியிருந்தான். பைத்தான் கேட்டது, சி++ கம்பைலர் கேட்டது, திரை முழுக்கச் சிவப்பு. நிறம் மாற்ற எதற்கு அண்ணா சி++ என்றான். என்னிடம் பதில் இல்லை.

2023இல் குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் சிஎஸ்எஸ்ஸுக்கே நெஸ்டிங் வந்ததும், ஸாஸையே தூக்கிவிடலாம் என்று துணிந்தேன். கார்டுகளின் தலைப்பு எல்லாம் ஸ்டைல் இழந்து மொட்டையாக நின்றன. எரர் ஒன்றும் இல்லை. அரை நாள் போனது. ஸாஸில் 'அண்ட்' (&) குறிக்குப் பின்னால் ஹைஃபன் போட்டு 'டைட்டில்' என்று எழுதினால், தாய் க்ளாஸின் பெயரோடு ஒட்டிப் புதுப் பெயராகிவிடும். ப்ரவுசரில் ஒட்டாது. அதற்கு அந்தக் குறி எழுத்து அல்ல, செலக்டர். எங்கள் க்ளாஸ் பெயர்களில் பாதி அப்படி ஒட்டுப்போட்டவை.

இன்று அந்த ப்ராஜெக்ட்டின் ஸாஸ் ஃபோல்டரில் இரண்டே ஃபைல். ஒன்று, மார்ஜின் க்ளாஸ்களை லூப் போட்டு அச்சடிப்பது. இன்னொன்று, திரை அகலத்துக்கேற்ப லேஅவுட்டை மாற்றுவது. திரை அகலத்தைச் சோதிக்கும் மீடியா க்வெரியின் நிபந்தனைக்குள் சிஎஸ்எஸ் வேரியபிள் செல்லாது. கம்பைல் செய்யும் அந்த பில்ட் ஸ்டெப்பை எப்போது எடுக்கலாம் என்று தம்பி மாதம் ஒருமுறை கேட்கிறான்.