தம்பியிடம் சொன்னது

"அவர் இதை நிருபர்கிட்ட சொன்னாரா, தம்பிகிட்ட சொன்னாரா?"

செய்தி ஆசிரியர் கேட்டது இவ்வளவுதான். என் செய்தியிலிருந்து அந்த வரியை நானே அடித்து நீக்கிவிட்டேன்.

வரி இது: 110-இல் அறிவித்த திட்டத்தின் கோப்பு இன்னும் நிதித்துறைக்கே போகவில்லை. பேரவை விதி 110-இன் கீழ் படிக்கப்படும் அறிக்கை மீது விவாதம் கிடையாது. பணம் எங்கிருந்து என்று அங்கேயே எழுந்து கேட்க முடியாது. கோட்டைக்குள் நடமாடியவர்களுக்குத் தெரியும், அறிவிப்பு வேறு, அரசாணை வேறு. துறை கருத்துரு (திட்ட முன்மொழிவு) அனுப்ப வேண்டும், நிதித்துறை இசைவு தர வேண்டும். அரசாணை வந்தாலும் சில சமயம் 'நிர்வாக ஒப்புதல்' மட்டும் இருக்கும், நிதி ஒதுக்கும் பத்தி இருக்காது. 'ஒப்புதல்' என்று பார்த்ததும் பணம் வந்துவிட்டதாக நிருபர்கள் தவறாக எழுதுவது இந்த இடத்தில்தான்.

சொன்னவர், நிருபராகும் முன் நான் கட்சி வேலை பார்த்த பழைய அலுவலகத்து அண்ணன். வேறு எதற்கோ கூப்பிட்டவர், பேச்சுவாக்கில் சொன்னார். 'எழுதாதே' என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

ஒரே ஆள், கையில் காகிதம் இல்லை. யாராக இருந்தாலும் அடித்திருப்பார்கள். ஆனால் முன்பின் தெரியாதவர் சொல்லியிருந்தால் அடித்திருக்க மாட்டேன், இரண்டாவது ஆளைத் தேடியிருப்பேன். கட்சி வேலையிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு வியாதி: பழைய இடத்தைக் காப்பாற்றுவது, காப்பாற்றவில்லை என்று காட்ட அளவுக்கு மீறித் தாக்கி எழுதுவது. ('மாண்புமிகு' என்று விரல் தானாகத் தட்டுவதெல்லாம் ஒரு மாதத்தில் சரியாகிவிடும்.)

பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, பெறுநர் அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலர். 'ஏன் தாமதம்' என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணம்தான் கேட்க வேண்டும்: கருத்துரு நிதித்துறைக்கு அனுப்பப்பட்ட கடிதத்தின் எண், தேதி, நகல், அரசாணை இருந்தால் அதன் நகல். காரணம் எழுத வேண்டாம், சட்டமே கேட்கவில்லை. 30 நாள் கெடு. அதற்குள் செய்தி ஆறிவிடும் என்பது தனிக் கதை.

இது நேர்மையான வழி என்றுதான் அப்போது தோன்றியது. ஆனால் 'நிதித்துறைக்கு அனுப்பிய கடிதம்' என்று குறிவைத்துக் கேட்க எனக்கு எப்படித் தெரிந்தது? அவர் சொன்னதை அச்சில் போடவில்லை, மனுவில் போட்டேன். செய்தி ஆசிரியர் இதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதற்கு முன்பே அண்ணன் கூப்பிட்டார். மனுவில் என் பெயர் இருக்கிறதே.

"கேள்விய சரியாத்தான் கேட்டிருக்கே, தம்பி."