பட்டா, பயிற்சி, மல்லாட்டை: விவசாயத்துக்கு வந்த கதை

அப்பா போன பிறகு திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் நிலத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் களையெடுப்பதும், மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கி ஆய்வதும்தான். நல்ல விதை எங்கே கிடைக்கும், டிராக்டருக்கு மணிக்கு எவ்வளவு பேசுவது, விளைந்ததை யாரிடம் போடுவது, இதெல்லாம் அப்பாவோடு போய்விட்டது. எங்கள் ஊர்ப் பெண்கள் பலருக்கும் இதே நிலைதான். வயலில் பாதிக்கு மேல் வேலை நாம் செய்திருப்போம். பணம் கைமாறும் இடத்தில் மட்டும் இருந்திருக்க மாட்டோம்.

முதலில் போனது ஒரு நாள் முகாம். எங்கே, யார் நடத்தியது என்பது வேண்டாம். ஒரு ஹாலில் உட்காரவைத்து எல்லாப் பயிரையும் பற்றிப் பேசினார்கள். கையெழுத்து, போட்டோ, சாப்பாடு, அவ்வளவுதான். அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காதான் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பார் என்றார். விவசாயிகளுக்குப் பயிற்சி தரும் இடம் அது, கேவிகே என்றால் எல்லோருக்கும் தெரியும். நாட்டின் முதல் கேவிகே 1974-ல் எங்களுக்குப் பக்கத்துப் புதுச்சேரியில்தான் தொடங்கியது.

பயிற்சியில் சேர ஆதாரும் போன் நம்பரும் போதுமாக இருந்தது. மானியம் என்று வாயைத் திறந்தால்தான் பட்டா, சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று எல்லாம் கேட்பார்கள். சொட்டு நீர்ப் பாசனத்துக்குச் சிறு குறு விவசாயி என்றால் 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. ஆனால் பட்டா அப்பா பெயரில் இருக்கும்வரை நான் சிறு விவசாயியும் இல்லை, பெரு விவசாயியும் இல்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, தம்பியோடு பேசிப் பாகப்பிரிவினை பதிந்து, சர்வேயர் அளந்து, உட்பிரிவு செய்து என் பெயருக்குப் பட்டா வருவதற்குள் ஒரு விதைப்புப் பட்டம் போய்விட்டது. பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுக்க 2005-லும் சட்டம் வந்தாயிற்று. இருந்தும் ‘உனக்கெதுக்கும்மா இதெல்லாம்’ என்ற கேள்விக்குப் பஞ்சமில்லை. பயிற்சிக்குப் போக நினைக்கிறவர்கள் இந்தக் காகித வேலையை அன்றைக்கே தொடங்கிவிடுங்கள்.

எனக்கு உண்மையில் பயன்பட்டது வயல்வெளிப் பள்ளி. ஒரு விவசாயியின் வயலிலேயே, விதைப்பிலிருந்து அறுவடை வரை பயிரின் பருவத்துக்குத் தகுந்தபடி வகுப்பு நடக்கும். மண் மாதிரி எடுக்க ஆங்கில ‘வி’ போலக் குழி வெட்டி, பல இடத்து மண்ணைக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரை கிலோவுக்குக் கொண்டுவருவதை நாங்களே செய்தோம். விதைப்பருப்புக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா, நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சணம், கலந்தோம். வரப்பில் ஆமணக்கு ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இலையைத் திருப்பிக் காட்டினார்கள். இலை தின்னும் புரோடீனியா புழுவின் முட்டைக் குவியல் அப்பிக்கொண்டிருந்தது. இலையோடு கிள்ளிப் போட்டால் மருந்துச் செலவு குறையும்.

மறக்க முடியாதது ஜிப்சம், கால்சியம் உள்ள தூள். எங்கள் வீட்டில் அது போட்டதே இல்லை. காய்க்கு வேண்டிய கால்சியத்தை வேர் அனுப்பிவைப்பதில்லை. பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் விழுதும் காயும் நேராகவே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் 40, 45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ தூவி, கொத்தி, மண் அணைக்க வேண்டும். அதற்கப்புறம் மண்ணைக் கிளறக் கூடாது. பாத்தியில் பாதிக்குப் போட்டு, பாதிக்குப் போடாமல் விட்டிருந்தார்கள். அறுவடையில் இரண்டு பக்கமும் செடி பிடுங்கி உடைத்துப் பார்த்தோம். போடாத பக்கம் பருப்பில்லாத பொக்கு கூடுதல் என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வகுப்பில் பெண்கள் மட்டும் இருந்த நாட்களில் கேள்விகள் வேறு மாதிரி வந்தன. எடை போடும்போது எவ்வளவு தள்ளுகிறார்கள், ஏஜென்ட்டிடம் முன்பணம் வாங்கினால் விலை எப்படிப் போகிறது, இதெல்லாம் ஆண்கள் முன்னால் கேட்க ஒரு கூச்சம். அதற்குப் பிறகுதான் எங்களை அரசின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். வியாபாரிகள் மறைமுக ஏலத்தில் விலை எழுதிப் போடுகிறார்கள். பிடிக்கவில்லையென்றால் விற்காமல் இருக்கலாம். கமிஷன் கிடையாது, கட்டணம் வியாபாரிக்குத்தான். விலை இறங்கினால் சரக்கைக் கிடங்கில் வைத்து அதன்மேல் பொருளீட்டுக் கடனும் வாங்கலாம். என்னைக் கேட்டால் எல்லாப் பெண்கள் பயிற்சியும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். களையெடுக்க எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம்.

பயிற்சி நேரம் இன்னொரு வாதம். காலை 9 மணி என்று போட்டால் மாடு கறந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு யார் வர முடியும்? எங்கள் குழு கேட்டுக்கொண்ட பிறகு 11 மணிக்கு மாற்றினார்கள், வருகையும் கூடியது.

இப்போது களையெடுக்கும் இயந்திரமான பவர் வீடருக்கு அரசின் உழவன் செயலியில் பதிந்திருக்கிறேன். பெண்களுக்கும் சிறு குறு விவசாயிகளுக்கும் 50 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 40. ஓட்டிப் பழக எப்போது வரலாம் என்று கடையில் கேட்டேன். வீட்டுக்காரரை அனுப்புங்கள் என்றார் கடைக்காரர். எங்கள் வீட்டுக்காரருக்கு டிவிஎஸ் ஃபிஃப்டியே தகராறு.