பச்சை மையில் ஒரு வட்டம்

அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்துகொண்டே 2017இல் பகுதிநேர பிஎச்.டி.க்குப் பதிவு செய்தேன். தலைப்பு, பள்ளித் தலைமையாசிரியர்களின் கற்பித்தல் தலைமை. இடம் கிடைத்ததைவிடத் துறையின் தடையின்மைச் சான்று வாங்கியதுதான் பெரிய பாடு. ஏழு மாதம். எப்போது கேட்டாலும் "ஃபைல் டேபிளுக்குப் போயிருக்கு மேடம்" என்பார்கள். எந்த டேபிள் என்று கடைசிவரை தெரியவில்லை.

கோர்ஸ் ஒர்க்கை சனி, ஞாயிறுகளில் பஸ் ஏறிப் போய் முடித்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளைச் சொல்லிக்கொடுத்த தம்பி என் மகனைவிட இரண்டு வயது மூத்தவன், அவ்வளவுதான்.

கதை தொடங்கியது வினாத்தாளில். கல்வி ஆய்வாளர் பிலிப் ஹாலிங்கர் 1980களில் உருவாக்கிய பி.ஐ.எம்.ஆர்.எஸ். என்ற மதிப்பீட்டு வினாத்தாளை எடுத்துக்கொண்டேன். 50 கூற்றுகள், ஒவ்வொன்றையும் தலைமையாசிரியர் எந்த அளவுக்குச் செய்கிறார் என்று 1 முதல் 5 வரை வட்டமிட வேண்டும். ஆசிரியர்களுக்கு ஒரு படிவம், தலைமையாசிரியர் தன்னைத்தானே மதிப்பிட இன்னொன்று. அனுமதி வாங்கித் தமிழாக்கினேன். 'கற்பித்தல் நேரத்தைப் பாதுகாத்தல்' என்ற பகுதியைப் படித்துவிட்டு ஒரு ஆசிரியர் கேட்டார்: "பாடவேளையில எமிஸ் வெப்சைட்ல மாணவர் விவரம் போடச் சொல்றது ஹெச்.எம். கணக்கா, மேலிடத்துக் கணக்கா மேடம்?" நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முன்னோட்ட ஆய்வுக்குத் தெரிந்த ஆறு ஹெச்.எம்.களிடம், அவர்கள் பள்ளி ஆசிரியர்களிடம் நிரப்பி வாங்கித் தரச் சொல்லிப் படிவக் கட்டுகளைக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் திரும்பி வந்தன. எல்லாம் 5. நடுவில் ஒன்றிரண்டு 4. நெறியாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "எதை ஆராயப் போறீங்க? உங்க மாவட்டத்து ஹெச்.எம். எல்லாரும் உத்தமராத்தானே இருக்காங்க" என்றார்.

வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோது ஒரு தாளில் 3ஐச் சுற்றி நீல வட்டம். அதை அடித்துவிட்டு 5ஐச் சுற்றி இன்னொரு வட்டம், பச்சை மையில். பள்ளியில் பச்சை மையில் எழுதுபவர் ஒருவர்தான். சிரிப்பு வந்தது. கட்டுகளை ஹெச்.எம். கையில் கொடுத்தது நான்தானே என்று நினைத்ததும் அடங்கியது.

அடுத்த சுற்றில் பெயர், வயது, பாடம் மூன்றையும் எடுத்துவிட்டேன். தற்செயல் விடுப்புப் போட்டு மதிய இடைவேளையில் நானே போய், ஆளுக்கொரு காக்கிக் கவர் கொடுத்து, ஒட்டியபடி வாங்கினேன். 2, 3 எல்லாம் அப்போதுதான் வந்தன. என் பள்ளி ஆய்வில் இல்லை. ஆனாலும் ஆசை விடவில்லை. என் ஆசிரியர்களுக்கும் படிவம் கொடுத்து, நிரப்பிப் போட ஆசிரியர் அறையில் ஒரு அட்டைப்பெட்டி வைத்தேன். வகுப்பைப் பார்வையிட்டுக் கருத்துச் சொல்லும் பகுதியில் எனக்கு நானே 5 போட்டிருந்தேன். அவர்கள் கொடுத்த சராசரி 2.4. வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் எழுதியது உண்மை. அந்த நோட்டை அவர்களிடம் காட்டியதே இல்லை.

பிறகு கொரோனா. பிஎச்.டி. முடிக்க நெறிமுறைப்படி ஆறு ஆண்டு, பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு. அந்தச் சலுகை இல்லையென்றால் நான் முடித்திருக்க மாட்டேன். ஆய்வேட்டில் பிறர் எழுத்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 23 வந்தது. இரண்டாம் அத்தியாயத்தை முழுதாகத் திருத்தி எழுதினேன். கோடை விடுமுறை அதிலேயே போயிற்று.

வாய்மொழித் தேர்வு 2024இல். எல்லார் முன்னிலையிலும் நடப்பது என்பதால் யாரும் வந்து உட்காரலாம். என் பள்ளி டீச்சர்கள் இரண்டு பேர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். புள்ளியியல் கேள்விகளெல்லாம் முடிந்த பிறகு வெளித் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க ஸ்கூல்ல உங்களுக்கு எவ்வளவும்மா போட்டாங்க?" என்றார்.

2.4 என்றேன். அரங்கமே சிரித்தது. கடைசி வரிசையில் அந்த இரண்டு பேர் மட்டும் குனிந்து கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.