மகாதேவன் மலை: பாலித் தீவின் குனுங் ஆகுங்

பாலித் தீவில் எந்த இந்து வீட்டுக்குள் நுழைந்தாலும் குலதெய்வச் சன்னிதி மலையைப் பார்த்த மூலையில்தான் இருக்கும். படுக்கும்போதும் மலைப் பக்கமோ கிழக்குப் பக்கமோ தலை வைப்பார்கள்; மலைக்கு நேராகக் கால் நீட்ட மாட்டார்கள். அந்த மலைதான் குனுங் ஆகுங். உயரம் 3,031 மீட்டர், இன்றும் உயிருள்ள எரிமலை. மகாமேருவிலிருந்து பசுபதி பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது, உச்சியில் மகாதேவர் வாசம் செய்கிறார் என்பது அவர்கள் ஐதீகம். திருவண்ணாமலையில் மலையையே சிவமாகக் கும்பிட்டுப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஏறுவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. தெற்கே பாசார் ஆகுங் கோயிலிலிருந்து கிளம்பினால் தூரம் குறைவு. பெசாகி என்ற கோயில் தொகுதியிலிருந்து போனால் நீளமும் சிரமமும் அதிகம். தரிசனத்துக்காகப் போகிறவர்கள் பெசாகி வழியில் போவதே முறை என்று எனக்குத் தோன்றியது, அதையே தேர்ந்தெடுத்தேன்.

பெசாகியைத் தாய்க்கோயில் என்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில், சரிவில் அடுக்கடுக்காக 20-க்கும் மேற்பட்ட கோயில்கள். கறுப்புப் பனைநார் வேய்ந்த மேருக்கள் என்னும் கோபுரம் போன்ற சன்னிதிகள், ஒற்றைப்படை அடுக்குகளாகப் பதினொன்று வரை உயர்கின்றன. நடுவில் பெனாத்தாரான் ஆகுங் கோயில். அங்கே ஒரே மேடையில் மூன்று கல் ஆசனங்கள். மூன்றும் காலி, விக்கிரகம் கிடையாது. பின்னால் மேகம் விலகினால் மலை தெரியும், அவ்வளவுதான்.

வேட்டி மாதிரி ஒரு துணி, இடுப்பில் மஞ்சள் கச்சை, தலையில் உடெங் என்ற தலைப்பாகை கட்டிக்கொண்டு மாலை வழிபாட்டில் உட்கார்ந்தேன். முன்னால் குருத்தோலையில் பின்னிய சின்னத் தட்டு. கிழக்கே வெள்ளைப் பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம். நடுவில் பொடியாக நறுக்கிய தாழை இலை. பூசாரி மணியடித்து மந்திரம் தொடங்கினார். முதல் வரியே காயத்ரி! உச்சரிப்பு கொஞ்சம் வேறு, ஆனால் அதே காயத்ரிதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முதலில் வெறுங்கையைத் தலைக்கு மேல் கூப்பினோம். அப்புறம் விரல் நுனியில் பூ பிடித்து சூரியனாக இருக்கும் சிவனுக்கு. இன்னும் சில முறை பூக்களோடு கும்பிட்டு, கடைசியில் மறுபடி வெறுங்கை. தீர்த்தம் தெளித்து, குடிக்கவும் கொடுத்தார்கள். ஈர அரிசியை நெற்றியில் அழுத்தி ஒட்டிக்கொண்டோம்.

இந்தக் கோயிலில்தான் 1963-இல் ஏகாதச ருத்ர பூஜை நடந்தது. பதினொரு ருத்ரர்களையும் சாந்தப்படுத்த நூறு ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் பெரும் சடங்கு. ஏற்பாடுகள் நடக்கும்போதே, பிப்ரவரியில், மலை புகைய ஆரம்பித்தது. மார்ச் 8 அன்று முக்கியப் பூஜையை நடத்தினார்கள். மார்ச் 17 அன்று மலை வெடித்தது. அந்த ஆண்டு வெடிப்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஊர்கள் அழிந்தன. நெருப்புக் குழம்போ பெசாகியைத் தொடாமல் ஒதுங்கி ஓடியது. தப்பியது தெய்வச் செயல் என்றார்கள். பூஜைக் காலம் சரியில்லை என்று ருத்ரர் கோபித்துக்கொண்டார் என்றும் சொன்னார்கள். 1979-இல் அதே பூஜையை மறுபடி முழுமையாகச் செய்து முடித்தார்கள். மலையிடம் அவர்களுக்கு மனஸ்தாபமே இல்லை. வீட்டுப் பெரியவர் கோபித்துக்கொண்டால் எப்படி நடந்துகொள்வோமோ, அப்படி.

இரவு பத்து மணிக்கு மேல் கிளம்பினோம். தொகுதியின் மேல்கோடியில் உள்ள பெங்குபெங்கான் கோயிலில் வழிகாட்டி ஓலைத்தட்டு வைத்து, ஊதுபத்தி ஏற்றி, மலையிடம் உத்தரவு கேட்டார். “கேட்காமல் ஏறக் கூடாது ஐயா” என்றார். அப்புறம் காடு. ஈர மண், வேர்களைப் பிடித்து ஏறும் செங்குத்து. மணிக்கணக்கில் அதேதான். மரங்கள் முடிந்ததும் காலடியில் உருளும் கற்கள், எலும்புவரை இறங்கும் குளிர். ஓரிடத்தில் கையூன்றித் தவழ்ந்துதான் போனேன்.

உச்சிக்கு வந்தபோது கிழக்கே கடலுக்கு அப்பால் லொம்பொக் தீவின் ரிஞ்சானி எரிமலை பக்கமாக வானம் சிவந்தது. மேற்கே ஆகுங்கின் நிழல் முக்கோணமாக ஊர்கள்மேல் விழுந்தது. எரிமலை வாயின் பள்ளத்துக்குள் 2017 வெடிப்பில் பொங்கிய குழம்பு கறுத்து இறுகிக் கிடக்கிறது. காற்று திரும்பினால் கந்தக நெடி. அங்கே உட்கார்ந்து ருத்ரம் சொன்னேன். ‘நமஸ்தே ருத்ர மன்யவே’, ருத்ரனே, உன் கோபத்துக்கு நமஸ்காரம். எத்தனையோ வருஷமாக வாய் சொல்லிவந்த வரி. அருளுக்கு முன்னால் கோபத்தை ஏன் வணங்குகிறோம் என்று, அந்தப் பள்ளத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ‘நமசிவாய’ வந்த இடத்தில் வழிகாட்டியும் கைகூப்பிச் சேர்ந்துகொண்டார்.

போக நினைப்பவர்கள் ஏப்ரல் முதல் அக்டோபருக்குள் போங்கள். மழைக் காலத்தில் பாறை வழுக்கும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் ஏற வேண்டாம். பெசாகியில் பெரிய திருவிழா நடக்கும்போது மலையேற விட மாட்டார்கள். எரிமலை எச்சரிக்கை இருந்தாலும் அப்படியே. மாட்டிறைச்சி கலந்த எதையும் கொண்டுபோகக் கூடாது. இறங்கும்போது முழங்கால் கெஞ்சும், ஒரு ஊன்றுகோல் கட்டாயம் வேண்டும். அடுத்த நாளை ஓய்வுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.